தூக்கத்தைக் கெடுப்பது அச்சமே!

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: இன்றைய இளைஞர்களின் தூக்கத்தைக் கெடுப்பது ஆசையா? அச்சமா? 'அச்சமே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

    

எனக்கு முன்னாடி பேசின தம்பி நல்லாத்தான் பேசினார். "இந்தக் காலத்துப் பையனுக்குப் பெரிய சம்பளம் வேணும், பெரிய கார் வேணும், அதான் தூங்க மாட்டேங்கிறான்" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நான்கூட ரெண்டு கைதட்டு தட்டியிருப்பேன். ஒரு உதாரணம் சொன்னாரு பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டார். "லண்டன்லயும் நியூயார்க்லயும் முதலீட்டு வங்கிக்குப் பயிற்சிக்குப் போற மாணவர்களைப் பாருங்க. படிக்கும்போதே மாசம் மூணு லட்சம், நாலு லட்சம்! அந்தப் பணத்து மேல ஆசைப்பட்டுத்தான் ராத்திரி பூரா முழிச்சிக் கெடக்கான்" என்று ஒரு போடு போட்டார்.

தம்பி, நீங்க சொன்ன அந்தப் பயிற்சிக்குப் போய் வந்த பிள்ளை ஒருத்தன் எங்க வீட்டிலேயே இருக்கான்! (சிரிப்பு) என் அண்ணன் மகன். முறைக்கு எனக்கு மருமகன். எல்லா வீட்லயும் மருமகனுக்கு அத்தை பயப்படுவாங்க. இவன் தமிழ்ல பிழையா எழுதி எழுதியே எனக்குப் பயந்து வளர்ந்தவன். (சிரிப்பு) கோவில்பட்டியில் பள்ளிப் படிப்பு. அதுக்கப்புறம் லண்டனில் பொருளாதாரம். ரெண்டாம் வருஷம் முடிஞ்ச கோடை விடுமுறையில், 2019-ல், ஒரு பெரிய வங்கியில பத்து வாரம் பயிற்சி. அவன் சொன்னதைத்தான் நான் இங்கே சொல்லப் போறேன்.

முதல்ல, முதலீட்டு வங்கின்னா என்ன? எங்க அண்ணன் இரும்புக்கடை வச்சிருக்கார். பையன் பேங்க்ல பயிற்சின்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கவுண்டர்லப்பா?" அந்த பேங்க்ல கவுண்டரே கிடையாது. செலான் கிடையாது, பாஸ்புக் கிடையாது, பேனாவைக் கயித்துல கட்டி வச்சிருக்க மாட்டாங்க. (பலத்த சிரிப்பு) அங்கே நீங்களும் நானும் போய்ப் பணம் போட முடியாது. ஒரு கம்பெனி பங்கு வெளியிடணுமா, அவங்க வித்துக் கொடுப்பாங்க. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கணுமா, அவங்க பேசி முடிப்பாங்க. சுருக்கமாச் சொன்னா கல்யாணத் தரகர். ரெண்டு பக்கமும் பொருத்தம் பார்க்கிறது, சீர் எவ்வளவு, நகை எவ்வளவுன்னு பேசுறது, முடிஞ்சா கமிஷன். அமெரிக்காவுல 1929-ல் பங்குச் சந்தை சரிஞ்ச பிறகு, 1933-ல் சட்டம் போட்டு இந்தத் தரகு வேலையையும் மக்கள் பணத்தை வாங்கி வைக்கிற வேலையையும் தனித்தனியாப் பிரிச்சாங்க. 1999-ல் அந்தச் சுவரை எடுத்தாங்க. அது வேற கதை, அதுக்கு வேற பட்டிமன்றம் வைக்கணும்.

தரகர்னா ஜாதகம் வேணுமில்லையா? அந்த ஜாதகத்துக்குப் பேர் பிட்ச் புக். ஐம்பது பக்கம், எண்பது பக்கம். 'உங்க கம்பெனி இன்ன விலை பெறும், நீங்க அந்தக் கம்பெனியை வாங்கினா இன்ன லாபம் வரும்' என்று கணக்கும் படமுமா அச்சடிச்சு, முதலாளி முன்னால வைக்கணும். அதைத் தயார் பண்றதுதான் கடைசிப் படியில இருக்கிற பையன்களோட வேலை. படிகளைக் கேளுங்க. பயிற்சி மாணவன். அவனுக்கு மேல அனலிஸ்ட், அசோசியேட், வைஸ் பிரசிடெண்ட், டைரக்டர், எல்லாருக்கும் மேல மேனேஜிங் டைரக்டர். இவன் ஒருநாள் போன்ல, "அப்பா, இன்னைக்கு வைஸ் பிரசிடெண்ட் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்" என்று சொல்லியிருக்கான். எங்க அண்ணன் கடையில இருந்த அத்தனை பேருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்துட்டார்! (சிரிப்பு) நம்ம நாட்டுக்கே ஒரு வைஸ் பிரசிடெண்ட்தானே? அங்கே ஒரு மாடிக்கு நாப்பது பேர் உட்கார்ந்திருப்பாங்களாம். முப்பது வயசு ஆள். அவரும் தூங்கல, பாவம்.

சரி, வேலை எப்படி? காலையில ஒன்பது மணிக்குப் போய் உட்காரணும். பகல்ல பெரிசா வேலை இருக்காது. தம்பி, இதைக் கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. பகல் பூராவும் பெரியவங்க வெளியே கம்பெனிக்காரங்களைப் பார்க்கப் போயிருவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்து, முதல் நாள் அடிச்சு வச்ச ஜாதகத்தை எடுத்துச் சிவப்பு மையில கிறுக்கிக் கொடுப்பாங்க. அப்பத்தான் இவனுக்குப் பொழுதே விடியுது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு திருத்தம். பன்னிரண்டு மணிக்கு இன்னொண்ணு. ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்குப் பதினாலாவது தடவையா ஒரு பக்கத்தை மாத்தியிருக்கான். என்ன மாத்தம்? கணக்கு தப்பா? இல்லை. கம்பெனிச் சின்னங்கள் எல்லாம் ஒரே வரிசையில நிக்கலையாம். நீலம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியா இருக்கணுமாம். விடிஞ்சு அந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போனாங்க. "அந்த முதலாளி மூணு பக்கம் புரட்டினார், அத்தை. காப்பி நல்லாருக்குன்னு சொன்னார்" என்றான். (சிரிப்பு) நானும் முப்பது வருஷமா விடைத்தாள் திருத்துறேன். சிவப்பு மைதான். ஆனா விடிய விடிய என் முன்னால எந்த மாணவனும் நின்னதில்லை.

இப்ப நம்ம தலைப்புக்கு வருவோம். அவனுக்குக் கொடுத்த சம்பளம், கொஞ்சம் முன்னப்பின்ன மாசம் நாலாயிரம் பவுண்டு. அப்போதைய கணக்குக்கு மூணரை லட்ச ரூபாய். எதிரணி நண்பர்கள் கைதட்டலாம், தட்டுங்க! ஆனா பையன் பொருளாதாரம் படிச்சவன் இல்லையா, ஒருநாள் டாக்சியில போகும்போது தன்னையே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கான். வாரத்துக்குத் தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு மணி நேரம். வகுத்துப் பார்த்தா மணிக்குப் பத்து பவுண்டுகூட வரல! அந்த 2019-ல் அந்த நாட்டுச் சட்டப்படி இருபத்தஞ்சு வயசுக்கு மேற்பட்டவங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 8 பவுண்டு 21 பென்ஸ். ராத்திரி அவன் மேசைக்கடியில குப்பைக்கூடை எடுக்க ஒரு அம்மா வருவாங்களாம். அவங்களுக்கும் இவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம், அந்த அம்மா வேலை முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிருவாங்க. (கைதட்டல்)

இவன் ஏன் போகல? வேலை இருந்ததாலயா? அங்கதான் நான் அசந்து போனேன். அவன் பகுதியில மொத்தம் பன்னிரண்டு பயிற்சி மாணவர்கள். ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு எல்லார் வேலையும் முடிஞ்சு போச்சு. மேலே இருக்கிறவங்க எல்லாம் கிளம்பிட்டாங்க. பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருக்காங்க. கம்ப்யூட்டர் எரியுது. ஒருத்தன் காலி பக்கத்தை மேலேயும் கீழேயும் ஓட்டுறான். ஒருத்தி முடிஞ்சுபோன கணக்கைத் திரும்பக் கூட்டுறா. ஒருத்தன் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகுல மாட்டிட்டு மாடிப்படிக்குக் கீழே போய்த் தூங்குறான். கோட்டு இருந்தா ஆள் இருக்கிறதா அர்த்தம்! "ஏன்டா, போகச் சொன்னா போக வேண்டியதுதானே?" என்றேன். "யாரும் போகச் சொல்லல, அத்தை. இருக்கவும் சொல்லல. முதல்ல எந்திரிக்கிறவன் யாருங்கிறதுதான் அங்க கேள்வி" என்றான். மணி ஒன்றரை வரைக்கும் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க.

நடுவர் அவர்களே, இது ஆசையா? ஆசைக்கு ஒரு பொருள் வேணும். லட்டு மேல ஆசைன்னா லட்டு எதிர்ல இருக்கணும். அந்த ராத்திரி பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரைக்கும் உட்கார்ந்ததுக்கு ஒரு பைசா கூடுதலாக் கிடையாது. அவங்க மாசச் சம்பளக்காரங்க. பின்னே எது கட்டிப் போட்டது? பத்தாவது வாரக் கடைசியில ஒவ்வொருத்தரையா அறைக்குள்ள கூப்பிட்டு, 'உனக்கு நிரந்தர வேலை உண்டு', 'உனக்கு இல்லை' என்று சொல்வாங்க. பன்னிரண்டு பேர்ல எத்தனை பேருக்கு என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க. நாலா? எட்டா? பூராவுமா? தெரியாது. இந்தத் 'தெரியாது' இருக்கே, அதுதான் மருந்து. விஷம் போட்ட மருந்து.

அதுவும் எங்க பையனுக்கு ரெட்டை அச்சம். வீட்டுப் பத்திரத்தை வச்சுக் கல்விக்கடன் வாங்கியிருக்கார் எங்க அண்ணன். அது ஒண்ணு. இன்னொண்ணு, விசா. படிப்பு முடிஞ்ச வெளிநாட்டு மாணவன் தங்கியிருந்து வேலை தேட ஒரு விசா இருந்தது. அதை 2012-ல் அந்த நாட்டு அரசு நிறுத்திருச்சு. 2021-லதான் திரும்பக் கொண்டு வந்தாங்க. இவன் போனது ரெண்டுக்கும் நடுவுல. கையில வேலை இல்லேன்னா படிப்பு முடிஞ்ச சில மாசத்துல பெட்டியைக் கட்டணும். கடன் பெட்டிக்குள்ள அடங்காது. அந்த மேசையில உட்கார்ந்திருந்தது அவன் ஒருத்தன் மட்டுமா? கோவில்பட்டி வீடே உட்கார்ந்திருந்தது! (கைதட்டல்)

"அந்த நாட்டுல சட்டம் இல்லையா, கேள்வி கேட்பார் இல்லையா?" என்று நீங்க கேட்கலாம். இருக்கு. 1998-லேயே சட்டம் போட்டாங்க, வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாதுன்னு. அருமையான சட்டம். அதுலயே ஒரு சின்ன வாசல் வச்சிருக்காங்க: தொழிலாளி தானாக விரும்பி எழுதிக் கொடுத்தா அந்த வரம்பு அவருக்குப் பொருந்தாது. முதல் நாள் கொடுத்த காகிதக் கட்டுல அதுவும் இருந்திருக்கு. எல்லாரும் 'தானாக விரும்பி' கையெழுத்துப் போட்டாங்க. நம்ம ஊர்ல பொண்ணு வீட்டுக்காரங்க 'தானாக விரும்பி' சீர் செய்யறாங்களே, அந்த மாதிரி! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ராத்திரி எட்டு மணிக்கு மேல இருந்தா சாப்பாடு இலவசம். இன்னும் நேரமானா வீட்டுக்குப் போக டாக்சி இலவசம். லண்டன்ல அந்தப் பையன்கள் அதுக்கு 'மேஜிக் ரவுண்டபவுட்' என்று ஒரு பேரே வச்சிருக்காங்க. விடியற்காலையில டாக்சி வீட்டு வாசல்ல கொண்டு விடும். பையன் உள்ளே போய்க் குளிச்சு வேற சட்டை மாட்டிட்டு வர்ற வரைக்கும் அதே டாக்சி வாசல்ல காத்துக்கிட்டு நிக்கும். திரும்ப அலுவலகம். கட்டிலைத் தொடாமலே ஒரு நாள் முடிஞ்சு இன்னொரு நாள் தொடங்கிரும்.

இனி நான் சொல்றதுக்கு யாரும் சிரிக்க வேண்டாம். 2013 ஆகஸ்டில், லண்டனில், பேங்க் ஆஃப் அமெரிக்கா மெரில் லிஞ்ச் வங்கியில் கோடைப் பயிற்சியில் இருந்த ஒரு ஜெர்மானிய மாணவன், 21 வயது, பயிற்சி முடிகிற தறுவாயில், தங்கியிருந்த விடுதியின் குளியலறையில் இறந்து கிடந்தான். தொடர்ந்து மூன்று இரவு விழித்து வேலை பார்த்தான் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஆண்டு நவம்பரில் விசாரணை நடந்தது. வலிப்பு வந்து இறந்தான், களைப்பு அதைத் தூண்டியிருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடிவு சொன்னார்கள். அவனுக்கு ஏற்கெனவே வலிப்பு நோய் இருந்தது, மருந்து சாப்பிட்டு வந்தான். ஆகவே வேலைதான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். சொல்வதற்கு எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு தாய், 'என் பிள்ளை அன்றைக்குத் தூங்கியிருந்தால்?' என்று நினைக்காமல் இருக்க முடியுமா?

அதுக்கப்புறம் வங்கிகள் விதி போட்டாங்க. 2014-ல் அதே வங்கி, 'இளைய ஊழியர்கள் மாதத்தில் குறைந்தது நாலு வார விடுமுறை நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள்' என்றது. மாசத்துல சனி, ஞாயிறு எட்டு நாள் இருக்கே, மிச்ச நாலு எங்கே போச்சுன்னு கேட்கக் கூடாது. 2015-ல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி, பயிற்சி மாணவர்கள் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குள்ளே வெளியே போயிரணும், காலை ஏழு மணிக்கு முன்னால உள்ளே வரக் கூடாது என்று சொன்னது. கணக்குப் போடுங்க. ஏழிலிருந்து பன்னிரண்டு, பதினேழு மணி நேரம். அதுதான் சலுகை! (சிரிப்பு) நம்ம ஊர்ச் செக்குமாட்டுக்குக்கூட ராத்திரி ஓய்வு உண்டு.

இன்னொரு கணக்கு. 2021-ல் அதே கோல்ட்மேன் சாக்ஸில் முதலாண்டு வேலை பார்த்த பதிமூன்று இளைஞர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு கணக்கெடுப்பு எடுத்தாங்க. அது வெளியே வந்து உலகம் பூராப் பேச்சாச்சு. வாரத்துக்குச் சராசரி 95 மணி நேர வேலை. ஒரு ராத்திரிக்கு ஐந்து மணி நேரத் தூக்கம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். 95-ஐக் கழிங்க, 73. தூக்கம் 35 மணியைக் கழிங்க, 38. குளிக்க, சாப்பிட, துணி துவைக்க, அம்மாகிட்டப் பேச, சும்மா சன்னலைப் பார்க்க, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு அஞ்சரை மணி நேரம். அந்தப் பதிமூன்று பேர் என்ன கேட்டாங்க? சம்பளத்தையா? "வாரத்துக்கு எண்பது மணி நேரத்தோட நிறுத்துங்க" என்று கேட்டாங்க. எண்பது! அடுத்த சில மாசத்துல வங்கி என்ன செஞ்சது தெரியுமா? முதலாண்டுச் சம்பளத்தை ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டாலராக உயர்த்தியது. தூக்கம் கேட்டவனுக்குப் பணம் கொடுத்தாங்க. ஏன்? அவங்களும் நம்ம எதிரணித் தம்பி மாதிரியே 'இது ஆசை' என்று நினைச்சிட்டாங்க! (பலத்த கைதட்டல்)

தம்பி முகம் வாடுது. வாட வேண்டாம். உங்க கட்சியிலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. அந்த வாசல் வரைக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது ஆசைதான், ஒத்துக்கிறேன். எங்க பையனுக்கும் இருந்தது. கோட்டு சூட்டு போட்டு முதல் நாள் எடுத்த படத்தை எங்க அண்ணி கடை கல்லாப்பெட்டிக்கு மேல மாட்டி வச்சாங்க. ஆனா உள்ளே போனபிறகு வெளியே விடாம பிடிச்சு வைக்கிறது எது? அதுதானே இன்னைக்குக் கேள்வி!

நான் தமிழ் வாத்தியார், வள்ளுவர்கிட்டப் போகாம இருக்க முடியாது. ஆசையைப் பற்றி வள்ளுவர் ஒரு அதிகாரம் வைக்கிறார், 'அவா அறுத்தல்'. எங்கே வைக்கிறார்? அறத்துப்பாலில், துறவறவியலில். அதாவது அவனவன் தன் மனசுக்குள்ளே தானே பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். அச்சத்துக்கும் ஒரு அதிகாரம் இருக்கு, 'வெருவந்த செய்யாமை'. பிறர் அஞ்சி நடுங்கும்படியானதைச் செய்யாதே என்பது. அதை எங்கே வைக்கிறார்? பொருட்பாலில், அரசியலில்! ஆளுகிறவனுக்குச் சொல்கிறார். நீங்க ஆசைன்னு சொன்னா, குற்றவாளி அந்த இருபது வயசுப் பையன். "ஏன்டா ஆசைப்பட்டே?" என்று அவனையே கேட்டுட்டு வீட்டுக்குப் போயிரலாம். அச்சம்னு சொன்னா, அச்சப்பட வைக்கிறவன் யாருன்னு கேட்டாகணும். எத்தனை பேருக்கு வேலைன்னு ஏன் சொல்லலை? வேலை முடிஞ்சவனை ஏன் எழுப்பி அனுப்பலை? பகல் பூரா சும்மா உட்கார வச்சு ராத்திரி ஏன் திருத்தம் கொடுக்கிறே? இந்தக் கேள்வி எதுவும் ஆசைக் கட்சியில பிறக்காது. (நீண்ட கைதட்டல்)

பையன் கதையை முடிச்சுக்கிறேன். பத்தாவது வாரம் வெள்ளிக்கிழமை, அவனுக்கு வேலை உண்டுன்னு சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு ஒரு வரி செய்தி அனுப்பிட்டுப் போய்ப் படுத்தவன் எந்திரிக்கவே இல்லை. அண்ணன் போன் போடுறார், எடுக்கலை. திரும்பப் போடுறார். பதினாலு தடவை. கடைசியில எனக்குப் போட்டு, "பையன் போனை எடுக்க மாட்டேங்கிறான்மா" என்றவர் அதுக்கு மேல பேசலை. நான் ஏதேதோ ஆறுதல் சொல்றேன். அந்த ஜெர்மன் பையன் செய்தியை எங்க அண்ணன் தமிழ்ப் பத்திரிகையில படிச்சிருக்கார் என்பது எனக்கு அப்பத்தான் தெரிஞ்சது. பத்தொன்பது மணி நேரம் கழிச்சு எந்திரிச்சு, "என்னப்பா, தூங்கிட்டேன்" என்றான். இரும்புக்கடைக்காரர் என் அண்ணன், கடையில உட்கார்ந்து அழுதார்.

2020-ல் வேலையில சேர்ந்தான். ரெண்டு வருஷம் பார்த்தான். 2022-ல் கல்விக்கடன் கடைசித் தவணை கட்டி, வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தது. அதே மாசம் வேலையை விட்டுட்டான்! சம்பளம் ஏறுற நேரம் தம்பி, போனஸ் கூடுற நேரம்! ஆசை பிடிச்சவன் அப்பவா விடுவான்? இப்ப வேற ஒரு நிறுவனத்தில், குறைஞ்ச சம்பளத்தில், சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து ரசம் வைக்கிறான். "அத்தை, புளி எவ்வளவு போடணும்?" என்று எனக்கு வீடியோவில் கேட்கிறான். பத்திரம் வந்த மாசம் அவனை விட்டுப் போனது எது என்று நடுவர் அவர்கள் தீர்ப்பிலே சொல்லட்டும்.

நடுவர் மணி மேல கையை வச்சிட்டார். இன்னும் ரெண்டு சங்கதி சொல்ல எனக்கு ஆசை இருக்கு. ஆனா உட்கார்றேன், ஏன்னு உங்களுக்கே தெரியும். (சிரிப்பு)